வயதுவந்தோர் கல்வி ஆய்விதழ்களில் முடிவெடுப்பவர் யார்? இராமநாதபுரம் கடலோரத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எழுத்தறிவு மையங்களில் பாடம் சொல்லும் தன்னார்வலர்களும், மகளிர் குழுப் பயிற்சியாளர்களும், வாழ்நாள் கற்றல் துறையில் ஆய்வு செய்யும் மாணவர்களும் என்னிடம் தொடர்ந்து கேட்டுவரும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் விட்டிருக்கிறேன். வயதுவந்தோர் கல்வி பற்றிய ஆய்விதழ்களை நடத்துகிறவர்கள் யார், அந்த இடங்களுக்கு வர முடியாதவர்கள் யார், நம் ஊர் அனுபவம் ஆய்வறிவாக ஏற்கப்படுவதை இது எப்படிப் பாதிக்கிறது என்பவையே இவற்றின் பொதுப் பொருள். பின்னால் வரும் விடைகள் முன்னவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

வயசானவங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்குறதுக்குப் போய் ஆராய்ச்சிப் பத்திரிகையா? அப்படி ஒண்ணு நெஜமா இருக்கா?

இருக்கின்றன; பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. இந்திய வயதுவந்தோர் கல்விச் சங்கம் 1939இல் தொடங்கப்பட்டது. அது வெளியிடும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் அடல்ட் எஜுகேஷன்' இத்துறையில் நம் நாட்டின் மூத்த இதழ். அமெரிக்காவில் 1950இல் தொடங்கிய இதழ்தான் 1983 முதல் 'அடல்ட் எஜுகேஷன் குவார்ட்டர்லி' என்ற பெயரில் வருகிறது. ஹாம்பர்க்கில் உள்ள யுனெஸ்கோ வாழ்நாள் கற்றல் நிறுவனம் 'இன்டர்நேஷனல் ரிவ்யூ ஆஃப் எஜுகேஷன்' இதழை நடத்துகிறது. 1982இல் தொடங்கிய 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் லைஃப்லாங் எஜுகேஷன்' இதழும் பரவலாக மேற்கோள் காட்டப்படுவது.

இவற்றின் பொருள் அகரம் கற்பிப்பதோடு முடிவதில்லை. கருவாடு விற்கும் பெண் வங்கிக் கணக்கைத் தானே கையாளக் கற்பது, வளைகுடா நாட்டுக்குப் போகிறவர் வேலை ஒப்பந்தத்தைப் படித்தறிவது, படகோட்டி ஜி.பி.எஸ். கருவியோடு பழகுவது ஆகிய எல்லாமே இத்துறைக்குள் வரும். இவற்றுள் எதைக் கற்றல் என்று கணக்கில் கொள்வது, எப்படி அளப்பது என்ற விவாதம் பெரும்பாலும் இத்தகைய இதழ்களில்தான் நடக்கிறது.

ஆசிரியர் குழுவில் யார் உட்கார்ந்திருந்தால் நமக்கென்ன? கட்டுரை நன்றாக இருந்தால் தானாக வெளிவரப் போகிறது, இல்லையா?

கட்டுரையின் தரம் இன்றியமையாதது; ஆனால் தரம் எது என்று சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. மீன் எவ்வளவு உயர்ந்ததானாலும் கரையில் ஏலம் கூறுபவர்தான் முதல் விலையைச் சொல்கிறார். இதழ்களில் அந்த இடம் முதன்மை ஆசிரியருடையது. வந்து சேரும் கட்டுரையை மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் அவர் மறுத்துவிடலாம். அனுப்பினால், அதைப் படிக்கப்போகும் இரண்டு அல்லது மூன்று மதிப்பீட்டாளர்களைத் தெரிவு செய்பவரும் அவரே. இரு மதிப்பீட்டாளர்களும் மாறுபட்ட கருத்துச் சொன்னால் எதை ஏற்பது என்று முடிவு செய்பவரும் அவரே.

இந்த அதிகாரம் கெட்ட எண்ணத்தோடுதான் பயன்படுகிறது என்று நான் சொல்லவில்லை. நல்லெண்ணம் உள்ள ஆசிரியர்கூடத் தமக்குத் தெரிந்தவர்களிலிருந்துதான் மதிப்பீட்டாளரைத் தேடுவார். அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் ஒரே விதமான பல்கலைக்கழகங்களில், ஒரே மொழியில், ஒரே நூல்களைப் படித்து வளர்ந்தவர்களாக இருந்தால், தங்கச்சிமடத்து வகுப்பறை ஒன்றைப் பற்றிய கட்டுரை, வகுப்பறை என்பதே வேறாக இருக்கும் ஊர்க்காரர்களிடம்தான் போய்ச் சேரும். அவர்கள் நேர்மையாகவே படிப்பார்கள். ஆனால் மையத்துக்கு வருகை ஏன் சில வாரங்களில் மட்டும் சரிகிறது என்ற கேள்விக்குக் கடலைப் பார்க்காமல் கற்போரின் ஆர்வக் குறைவைப் பார்ப்பார்கள்.

சிறப்பிதழ்களின் பொருளை முடிவு செய்வதும் இதே குழுதான். எதைப் பற்றி எழுதலாம் என்ற அழைப்பே ஓரிடத்திலிருந்து புறப்படும்போது, மற்றவர்கள் அந்தக் கேள்விக்கு விடை தருபவர்களாக மட்டுமே இருக்க முடிகிறது. இதழ்த் தலைமையில் பன்முகத்தன்மை வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுதான்.

பன்முகத்தன்மை என்றால் ஆசிரியர் குழுவில் எத்தனை பெண்கள் என்று எண்ணுவதுதானே?

எண்ணுவது தொடக்கம், அதைத் தவிர்க்கக் கூடாது. ஆனால் அடுத்து பார்க்க வேண்டியவை பல. ஓர் இதழின் ஆசிரியர் குழுப் பக்கத்தைத் திறந்து, முடிவெடுக்கும் ஆசிரியர்கள் யார், ஆலோசனைக் குழு என்ற நீண்ட பட்டியலில் மட்டும் இருப்பவர்கள் யார் என்று பிரித்துப் பாருங்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகியவற்றின் பெயர்கள் இரண்டாவது பட்டியலில் மட்டுமே தென்பட்டால், அந்த இதழ் உலகை அழகுக்காகச் சேர்த்திருக்கிறது என்றே பொருள் கொள்வேன்.

நம் நாட்டு இதழ்களைப் பார்க்கும்போது வேறு கேள்விகளும் கேட்க வேண்டும். குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் தலைநகரத்து நிறுவனங்களைச் சேர்ந்தவர்களா? கல்லூரிக்கு வெளியே களத்தில் கற்பிப்பவர் ஒருவராவது உண்டா? தலித்துகளும், மீனவச் சமூகத்தவரும், முஸ்லிம்களும், முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களும் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்களா? வயதுவந்தோர் கல்வி என்பதே பள்ளி யாரை வெளியே நிறுத்தியதோ அவர்களுக்கான கல்வி. அத்துறையின் இதழ்களில் அவர்களுடைய பிள்ளைகள்கூட ஆசிரியர்களாக இல்லையென்றால், அது மற்றத் துறைகளில் உள்ள குறையைவிடப் பெரிய குறை.

இதெல்லாம் நடக்கிற காரியமா? வெள்ளைக்காரர்கள் நடத்தும் சங்கங்களில் நம்மைப் போன்றவர்களைத் தலைமைக்கு விடுவார்களா?

நடந்திருக்கிறது. 1973இல் கனடியரான ஜே. ராபி கிட் முன்னின்று தொடங்கிய பன்னாட்டு வயதுவந்தோர் கல்வி மன்றத்துக்குத் தான்சானியாவின் அதிபராக இருந்த ஜூலியஸ் நைரேரே கௌரவத் தலைவராக இருந்தார். 1982 முதல் 1990 வரை அதன் தலைவராக இருந்தவர் பார்படோஸ் தீவைச் சேர்ந்த நீட்டா பாரோ என்ற செவிலியர். தமிழரான மால்கம் ஆதிசேஷையா யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டுத் திரும்பி, 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார்.

ஆனால் சங்கத்தின் தலைமை மாறுவதும் இதழின் தலைமை மாறுவதும் ஒன்றல்ல. சங்கங்களில் தேர்தல் உண்டு. இதழாசிரியரைத் தெரிவு செய்வது பெரும்பாலும் சிறு குழு ஒன்றின் வேலை. சங்கத்துக்குச் சொந்தமான இதழ்களில் ஆசிரியர் பொறுப்புக்கு விண்ணப்பம் கோரி அறிவிப்பு வருவதுண்டு, பதவிக்காலமும் வரையறுக்கப்பட்டிருக்கும். பதவிக்காலம் இல்லாத இதழில் பன்முகத்தன்மை பற்றிய அறிக்கை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நான் அதற்கு அதிக மதிப்புத் தருவதில்லை.

பாசி எடுக்கிற பொம்பளைங்களப் பத்தித்தான் எல்லாரும் வந்து எழுதிட்டுப் போறாங்களே. இன்னும் என்ன எழுத இருக்கு?

கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் இந்தப் பெண்களைப் பற்றி எழுதப்பட்டது நிறைய. அவர்கள் எந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறார்கள் என்று கேட்டு எழுதப்பட்டது குறைவு. விரல்களில் துணி சுற்றி, நீச்சல் கண்ணாடி மாட்டி, வலைப்பையோடு மூழ்கி எழும் பெண்ணின் படம் எல்லாருக்கும் பிடிக்கிறது. எந்தப் பாறையில் எந்தப் பாசி எப்போது மறுபடி வளரும், எத்தனை நாள் விட்டுவைத்தால் அடுத்த முறைக்குக் கிடைக்கும் என்பதை அவர் தம் தாயிடமிருந்து எப்படிக் கற்றார், தம் மகளுக்கு எப்படிக் கற்பிக்கிறார் என்பது கல்வி ஆய்வின் பொருள். அது படத்தில் வராது.

இந்த மாற்றத்துக்குத் துறைக்குள்ளேயே ஒரு மரபு உண்டு. மேற்சொன்ன பன்னாட்டு மன்றத்தின் 'கன்வர்ஜென்ஸ்' இதழ் 1975இல் பங்கேற்பு ஆய்வுக்கென்று ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. அதைத் தொகுத்தவர் பட் ஹால். ஆய்வுக்கு உட்படுவோரே ஆய்வின் கேள்வியையும் முடிவையும் ஆளவேண்டும் என்ற கருத்து இத்துறையில் பரவ அது பெரிதும் உதவியது. இந்தியாவில் ராஜேஷ் டாண்டன் 1982இல் தொடங்கிய பிரியா (PRIA) என்ற பங்கேற்பு ஆய்வு நிறுவனம் அதே வழியில் வளர்ந்தது. இந்த மரபைச் சுட்டி எழுதினால், உங்கள் முறை ஆதாரமற்றது என்று எந்த மதிப்பீட்டாளரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

எங்க மையத்துல படிக்கிற அக்காங்களையும் கட்டுரையில எழுத்தாளரா சேக்கலாமா? அவங்க கையெழுத்துப் போடவே இப்பத்தான் பழகியிருக்காங்க.

சேர்க்கலாம், ஆனால் இரக்கத்தால் சேர்க்கக் கூடாது. பல இதழ்கள் பின்பற்றும் மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது: ஆய்வின் உருவாக்கத்திலோ தரவிலோ விளக்கத்திலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ அறிவார்ந்த பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்றல். இவற்றுள் எதுவும் தம் கையால் எழுத வேண்டும் என்று கூறவில்லை. கட்டுரையைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் "இது அப்படி இல்லை" என்று மறுத்த இடத்தை மாற்றினீர்களானால், அவர் திருத்தியிருக்கிறார்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இதுதான். பத்தி பத்தியாகப் படித்துக் காட்டுங்கள். யார் எதைச் சொன்னார், எது மாறியது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பங்களிப்பை 14 வகையாகப் பிரிக்கும் கிரெடிட் என்ற முறையைப் பல இதழ்கள் ஏற்கின்றன; அந்த நோட்டிலிருந்து யாருக்கு எந்தப் பங்கு என்று எழுதுவது எளிது. தனிப்பெயர் வேண்டாம் என்று அவர்கள் நினைத்தால் குழுவின் பெயரிலும் எழுதலாம். நன்றியுரையில் ஒரு வரியோடு முடித்துக்கொள்வது பங்களிப்பு உண்மையில் சிறிதாக இருந்தால் மட்டுமே சரி.

தமிழில் எழுதினால் யார் மதிப்பார்கள்? ஸ்கோபஸில் வராத எதையும் எங்கள் கல்லூரியில் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆய்விதழ்களைத் தெரிந்தெடுத்துப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸ் ஆங்கில இதழ்களை மட்டும் சேர்ப்பதன்று. தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், மேற்கோள் பட்டியல் உரோமன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளுள் சில. கட்டுரையின் உடல் வேறு மொழியில் இருக்கலாம். ஆகவே தமிழ் இதழ்கள் அதில் அரிதாக இருப்பதற்கு மொழியை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஒழுங்காக, காலம் தவறாமல், மதிப்பீட்டு முறையோடு இதழ் நடத்தும் தலைமை நம்மிடையே போதிய அளவில் உருவாகவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருகாலத்தில் உருவாகியிருந்தது. இராமநாதபுரம் சேதுபதி மரபோடு தொடர்புடைய பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் 'செந்தமிழ்' என்ற ஆராய்ச்சி இதழைப் பல ஆண்டுகள் நடத்தியது.

ஆய்வு பல மொழிகளில் வெளிவர வேண்டும், தாய்மொழியில் எழுதியதற்காக ஆய்வாளர் தண்டிக்கப்படக் கூடாது என்ற கோரிக்கையோடு 2019இல் ஹெல்சிங்கி முன்முயற்சி என்ற அறிக்கை வெளிவந்தது. கல்லூரியோடு வாதாடும்போது இதைக் காட்டலாம். ஒரே ஆய்விலிருந்து ஊருக்காகத் தமிழில் ஒன்றும், துறைக்காக ஆங்கிலத்தில் ஒன்றும் எழுதுவது தவறாகாது. ஆனால் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பானால் அதை இரு இதழாசிரியர்களிடமும் முன்கூட்டியே தெரிவித்து அனுமதி பெற வேண்டும்.

"இன்டர்நேஷனல் ஜர்னல்" என்று மெயில் வந்திருக்கிறது. மூன்று நாளில் போட்டுவிடுகிறார்களாம், பணம் மட்டும் கட்டச் சொல்கிறார்கள். போடலாமா?

வேண்டாம். இரண்டாவது விடையில் சொன்ன மதிப்பீடு மூன்று நாளில் நடக்காது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் ஏற்கத்தக்க இதழ்களின் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு அதற்கு மாற்றாகக் கொண்டுவந்த கேர் என்ற இதழ்ப் பட்டியலையும் 2025இல் கைவிட்டு, இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே முடிவு செய்துகொள்ள அளவுகோல்களை மட்டும் பரிந்துரைத்திருக்கிறது. எனவே இனிப் பட்டியலைக் காட்டித் தப்பிக்க முடியாது. ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒருவருக்கு நேராக எழுதிக் கேளுங்கள். தம் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

கட்டுரையை வாசிக்கவே முப்பது நாப்பது டாலர் கேக்குது. நாங்க எப்படித்தான் படிக்கிறது?

ஒரே நாடு ஒரே சந்தா என்ற மத்திய அரசுத் திட்டம் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்று, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கிறது. அரசுக் கல்லூரி மாணவர்கள் முதலில் தங்கள் நூலகரிடம் கேளுங்கள். நிறுவனம் எதையும் சேராத தன்னார்வலருக்கு இத்திட்டம் உதவாது. துறையின் பெரும் பகுதியைச் சுமப்பவர்களே வெளியே நிற்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. அவர்கள் 'ரேலா' என்று சுருக்கி அழைக்கப்படும் ஐரோப்பிய இதழ் போன்ற, யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களைப் படிக்கலாம். கட்டுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதிப் படி கேட்பதும் முறையான வழியே. பெரும்பாலோர் மகிழ்ந்து அனுப்புவார்கள்.

பெயரை மாற்றிவிட்டால் போதும்தானே? "செல்வி" என்று போட்டுவிட்டேன்.

சிற்றூரில் பெயர் மாற்றம் பாதுகாப்பாகாது. ஒரு குடியிருப்பில் பாசி எடுக்கும் மகளிர் குழுவுக்கு ஒரே ஒரு தலைவி இருக்கும்போது, அவரைச் செல்வி என்றாலும் கண்ணகி என்றாலும் ஊருக்குத் தெரியும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986 முதல் கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. எந்தத் தீவின் அருகே எடுக்கிறார்கள் என்று நீங்கள் நுணுக்கமாக எழுதும் வரி வனத்துறையின் நடவடிக்கைக்குச் சான்றாகிவிடக்கூடும். மண்டபம் மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களைப் பற்றி எழுதும்போது இந்தக் கவனம் இன்னும் கூட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், சிலர் தம் பெயர் வரவேண்டும் என்றே விரும்புகிறார்கள். எழுத்தாளராகச் சேர்ந்தவர் மறைந்திருக்கவும் முடியாது. அப்போது இடத்தையும் செயலையும் பொதுமையாக்கிவிட்டுப் பெயரை வையுங்கள். வெளியாகும் முன், இந்த வரியைப் பகையாளி ஒருவர் படித்தால் என்ன ஆகும் என்று அவர்களோடு சேர்ந்து கேட்டுப் பாருங்கள். முன்பு சொன்ன வாய்விட்டுப் படிக்கும் அமர்வுகள் இதற்கும் பயன்படும்.

"மிகவும் உள்ளூர்த் தன்மையது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன பதில் எழுதுவது?

இது என்னிடம் மிகுதியாக வரும் முறையீடு. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் பத்துப் பேரிடம் பேசி எழுதிய கட்டுரை பெரியவர்களின் கற்றல் என்ற பொதுத் தலைப்பில் வெளிவரும்போது, மண்டபத்தில் அறுபது பேரிடம் பேசி எழுதியது உள்ளூர்ச் செய்தியாகிவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் மரியாதையோடு, சான்றோடு சுட்டலாம். அதே இதழில் ஒரே ஊரைப் பற்றி வெளியான கட்டுரைகள் சிலவற்றைப் பெயர் சொல்லிக் காட்டி, எந்த அளவுகோலில் நம்முடையது வேறுபடுகிறது என்று கேளுங்கள்.

ஆனால் கடிதத்துக்கு முன் கட்டுரையின் முதல் பத்தியைப் பாருங்கள். நம்மவர் பலரும் "இராமநாதபுரம் மாவட்டம் தமிழ்நாட்டின் தென்கிழக்கில் அமைந்துள்ளது, மழைவளம் குறைந்தது" என்று தொடங்குகிறோம். இப்படித் தொடங்கினால் புவியியல் குறிப்பு என்றே படிப்பவர் நினைப்பார். அதே கட்டுரையை, "கற்போரின் வேலை நேரத்தை நிலாவும் கடல்நீரின் ஏற்ற இறக்கமும் தீர்மானிக்கும் ஊரில், வாரநாள் கணக்கில் எடுக்கப்படும் வருகைப்பதிவேடு எதை அளக்கிறது?" என்று தொடங்கிப் பாருங்கள். செய்தி ஒன்றுதான், ஆனால் இப்போது நார்வேயில் இருக்கும் மதிப்பீட்டாளரும் தம் பதிவேட்டைப் பற்றி யோசித்தாக வேண்டும். ஊரை மறைக்க வேண்டியதில்லை. ஊர் எழுப்பும் கேள்வி முன்னால் வர வேண்டும்.

நானும் ரிவ்யூவர் ஆகலாமா மேடம்? அவங்களா கூப்பிட்டாத்தானா?

அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் ஆர்சிட் எண் ஒன்றை இலவசமாகப் பெற்றுக்கொண்டு, உங்கள் கள அனுபவமும் படித்த துறையும் எவை, எந்தப் பொருளில் மதிப்பிட முடியும் என்று நான்கு வரியில் ஆசிரியருக்கு எழுதுங்கள். மதிப்பீட்டாளர் கிடைக்காமல் தவிப்பது எல்லா இதழாசிரியர்களுக்கும் உள்ள தொல்லை. பதிப்பு நெறிக்கான கோப் அமைப்பு மதிப்பீட்டாளருக்கான நெறிமுறைகளை இலவசமாகத் தருகிறது; முதலில் அதைப் படியுங்கள். உங்கள் நெறியாளரோடு சேர்ந்து மதிப்பிடுவதாக இருந்தால், அதை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு உங்கள் பெயரோடு செய்யுங்கள். பெயர் சொல்லாமல் மாணவரின் உழைப்பை வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது, அது முறையற்றது.

மதிப்பீட்டாளர், நூல் மதிப்புரையாளர், சிறப்பிதழின் விருந்தினர் ஆசிரியர், இணையாசிரியர் என்று படிப்படியாகத்தான் பெரும்பாலோர் தலைமைக்கு வருகிறார்கள். முதற்படியில் நம் கடலோரத்து ஆட்கள் இல்லாததால்தான் மேற்படியில் தேடும்போது கிடைப்பதில்லை.

ஓர் இதழில் என் பெயரை ஆலோசனைக் குழுவில் போடட்டுமா என்று கேட்கிறார்கள். பெயருக்குத்தான் என்று தெரிகிறது. மறுத்துவிடலாமா?

உடனே மறுக்காமல் மூன்று செய்திகளைக் கேட்டு எழுதுங்கள்: ஆண்டுக்கு எத்தனை கட்டுரைகளில் என் கருத்துக் கேட்கப்படும், சிறப்பிதழ் பொருளை முன்மொழிய எனக்கு உரிமை உண்டா, எத்தனை ஆண்டுக்குப் பொறுப்பு. விடை தெளிவாக வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். மழுப்பலாக வந்தால் விலகிக்கொள்ளுங்கள். ஒரே பெண், ஒரே மீனவச் சமூகத்தவர் என்று நீங்கள் மட்டும் இருக்கும் குழுவில், பன்முகத்தன்மை சார்ந்த எல்லா வேலையும் உங்கள் தலையில் விழும் என்பதையும் முன்கூட்டியே எதிர்பாருங்கள். இன்னொருவரையும் அழைத்தால் வருகிறேன் என்று நிபந்தனை வைப்பதில் தவறில்லை.

நாமளே இங்கருந்து ஒரு இதழ் நடத்துனா என்ன?

நடத்த முடியாத இடமல்ல இது. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விரைவிலேயே மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தது. 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்' 1954 முதல் வெளிவருகிறது. நிறுவனத்தின் தலைமையகம் 1971இல் கொச்சிக்கு மாறும்வரை அதற்கு ஊர் மண்டபமே. அந்த இதழில் மீனைப் பற்றிய அறிவு இருந்தது, மீனவர் எழுத்தாளராக இல்லை என்பது நாம் மாற்ற வேண்டிய பகுதி.

செலவு நீங்கள் அஞ்சும் அளவுக்கு வராது. ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் இலவசம். இதழ்களை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் புதுதில்லியில் உள்ள தேசிய மையம் கட்டணமின்றித் தருகிறது. செலவாவது உழைப்பு. ஆண்டுக்கு இரண்டு இதழுக்கு மேல் தொடக்கத்தில் வாக்களிக்காதீர்கள். ஆசிரியர் பொறுப்பு மூன்றாண்டு என்றும், ஆசிரியர் தம் பதவிக்காலத்தில் அந்த இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியிடுவதில்லை என்றும் விதியில் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் இரு மதிப்பீட்டாளர்களில் ஒருவர் களத்தில் கற்பிப்பவராக இருக்கட்டும். அவர் எழுதித் தர முடியாவிட்டால் குரல்பதிவாக அனுப்பட்டும், அதை எழுத்தாக்கும் வேலையை ஆசிரியர் குழு ஏற்கட்டும். பாம்பனில் 2016 முதல் ஒலிபரப்பாகும் 'கடல் ஓசை' போன்ற சமுதாய வானொலியில் ஒவ்வோர் இதழின் கட்டுரைச் சுருக்கங்களும் வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் இதழுக்குக் கட்டுரை கோரும் முன் இந்த விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, குழுவில் உள்ள எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.